தலைவலி மாத்திரை கேட்டு வரும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் டியூசன் விட்டதும் யூனிஃபார்மோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, தலைவலி மாத்திரை ரெண்டு." முன்பெல்லாம் அம்மாவுக்கு வாங்கிப் போவார்கள். இப்போது தங்களுக்கே வாங்குகிறார்கள்.

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்றாம் தடவையாக வந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். எலுமிச்சைச் சாதம் போட்டது போட்டபடி இருந்தது. நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினாற்போல் வலிக்கிறதாம். ராத்திரி 1 மணி வரை படிப்பு, விடிய 5 மணிக்கு எழுந்து மறுபடி டியூசன். வீட்டில் சொன்னாயா என்றால், "சொன்னா, போனை நோண்டுததாலதான்னு ஏசுவாங்க அண்ணாச்சி" என்கிறாள்.

எங்கள் தெருப் பையன் ஒருவனும் அதே வகுப்புதான், அதே டியூசன்தான். மார்க் குறைந்தால் அம்மாவிடம் புலம்பித் தீர்த்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் விழுந்து குளித்துவிட்டு வருவான். அவனுக்கும் தலைவலி வரும், எப்போதாவது. ரெண்டு பேரை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் டாக்டர்கள் சொல்வதும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. நெருக்கடியை மனசுக்குள்ளேயே போட்டு உழப்புகிற பிள்ளைகளுக்குத் தலைவலி அடிக்கடி வருகிறது. என்ன வாழ்க்கை இது என்ற சலிப்பும் கூடவே இருக்கிறது. வலியால் சலிப்பா, சலிப்பால் வலியா என்று பிரிப்பது கஷ்டம். ஒன்று மற்றதை வளர்க்கும்.

இன்னொன்று, விற்கிற நானே சொல்கிறேன். மாதத்தில் 15 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வலியோடு விடிகாலையில் வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது என்றால் கடைக்கு வராதீர்கள், நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு மாத்திரைதான் கொடுத்தேன். அதுவும் கடை வாசலில் உட்கார்ந்து அந்தச் சாதத்தைச் சாப்பிட்ட பிறகு.

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாள் போடுகிறீர்கள், சரி. அதற்குக் கீழே 14416 என்ற எண்ணையும் போடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நான் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
பாளையங்கோட்டை.