துணிக்கடை லிஃப்டும் டரெட்டின் ஹாய்ஸ்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த போர்க்கப்பல் கட்டுரையில், "அடித்தளத்திலிருந்து குண்டுகளை மேலே கொண்டுவருவது துணிக்கடையில் சரக்கு ஏற்றும் லிஃப்டைப் போன்ற எளிய ஏற்பாடுதான், திறமையெல்லாம் குறிபார்ப்பவனிடமே" என்றொரு வாக்கியம் இருந்தது. வாசகனுக்கு எளிதாகப் புரியட்டும் என்று கட்டுரையாளர் நினைத்திருப்பார். நல்ல எண்ணந்தான். ஆறு அங்குலப் பீரங்கிகள் சுமந்த க்ரூஸர் வகைப் போர்க்கப்பல் ஒன்றில், அந்த 'எளிய ஏற்பாட்டின்' கீழ்முனையில் மூன்றாண்டுகள் நின்றவன் நான். அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஆறு அங்குலப் பீரங்கிக் குண்டான ஷெல் ஒன்றின் எடை 112 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 51 கிலோ. அதை மேலே தூக்குவது பெரிய காரியமில்லை என்பதைக் கட்டுரையாளருக்கு விட்டுக்கொடுக்கிறேன். கிணற்றுக் கப்பிக்கும் தெரிந்த வித்தை அது. சங்கிலி நின்றால் ஷெல் பின்னோக்கி விழாதபடி பிடித்துக்கொள்ளும் ராட்செட்டும், மேலேயுள்ள தட்டு காலியாகாமல் அடுத்ததை ஏறவிடாத பூட்டும், மின்சாரம் போனால் கையால் சுற்றும் வழியும் வேண்டும், அவ்வளவே. கடினம் வேறிடத்தில் இருக்கிறது. துணிக்கடை லிஃப்டின் கூடு கீழிருந்து மேல்வரை ஒரே குழாய். பீரங்கிகள் பொருத்திய சுழலும் கூண்டான டரெட்டுக்கும் வெடிமருந்து அறைக்கும் இடையே அப்படியொரு திறந்த குழாய் இருந்தால், மேலே விழும் எதிரியின் ஷெல் மூட்டுகிற தீக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்தது போலாகும். அதனால்தான் ஷெல்லுக்குத் தனி வழி, அதை உந்தித் தள்ளும் கார்டைட் என்னும் வெடிமருந்துப் பைகளுக்குத் தனி வழி. கார்டைட் கைமாறும் இடங்களில் இரண்டு கதவுகள், ஒன்று அடைபடாமல் மற்றொன்று திறக்காது. ஹாய்ஸ்ட் எனும் இந்த ஏற்றுபொறியின் பாதி வேலை ஏற்றுவது. மீதிப் பாதி, தீயை இறங்கவிடாமல் தடுப்பது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பயிற்சியின்போது வேகம் காட்டும் ஆசையில், பூட்டின் நாக்குக்கு அடியில் எண்ணெய்க் கழிவுப் பஞ்சைச் செருகி இரண்டு கதவுகளையும் ஒருசேரத் திறக்க வழி செய்தேன். எங்கள் பெட்டி ஆபீசர், அதாவது எங்களுக்கு மேலிருந்த கீழ்நிலை அதிகாரி, குளச்சல்காரர். கோபப்படாமல் பஞ்சை உருவி என் சட்டைப் பைக்குள் வைத்தார், கதவை அடைத்து, அதன் விளிம்பில் ஒரு தாள்துண்டைச் செருகி இழுத்துப் பார்க்கச் சொன்னார், அது வரவில்லை. "மக்கா, இந்தக் கதவ அடைக்கிறது உனக்காக இல்ல, கப்பல்ல உள்ள எல்லாருக்குமாக்கும்" என்றார். அந்தப் பஞ்சின் எண்ணெய்க் கறை அந்தச் சட்டையை விட்டுப் போகவேயில்லை.

1915 ஜனவரி 24 அன்று, டாகர் பேங்க் சண்டையில், ஜெர்மனியின் சைட்லிட்ஸ் கப்பலின் பின்புற டரெட்டில் பிடித்த தீ, தப்பிக்க விரும்பியவர்கள் திறந்த ஒரு கதவின் வழியே அடுத்த டரெட்டுக்கும் பாய்ந்து, ஏறத்தாழ 160 பேரைக் கொன்றது. ஜெர்மானியர் பாடம் கற்றார்கள். ஆங்கிலேயர் கற்கவில்லை, வேகமாகச் சுடவேண்டுமென்று கதவுகளைத் திறந்து வைத்து, பட்டுப் பைகளில் கட்டிய கார்டைட்டை வழியெங்கும் அடுக்கினார்கள். 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் கடற்சண்டையில் அவர்களுடைய மூன்று போர்க்குரூஸர்கள் வெடித்துச் சிதறின. அவற்றுள் குயின் மேரியில் மட்டும் 1,266 பேர் மாண்டனர். அவர்களின் லயன் என்ற கப்பல் தப்பியதற்குக் காரணம், உயிர் பிரியும் நிலையிலும் வெடிமருந்து அறையை அடைத்துக் கடல்நீரால் நிரப்ப ஆணையிட்ட மேஜர் ஹார்வி. 2016இல் தாங்கள் வெளியிட்ட நூற்றாண்டு நினைவுக் குறிப்பு, "இரும்புத் தகடு மெல்லியதாக இருந்ததால்" என்று முடித்துக்கொண்டது. அன்றும் எழுதினேன். இடமின்மை காரணமாக இருக்கலாம். அந்தக் கடிதம் வெளிவரவில்லை.

தாங்கள் வெளியிட்ட எம்டன் கப்பல் கட்டுரையிலும் இதே கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவில் அது சென்னையைச் சுட்டதை எழுதும்போது ஷெல், தோட்டா, வெடிமருந்து எல்லாவற்றையும் 'வெடிகுண்டு' என்றே அச்சிட்டீர்கள். அதன் 10.5 சென்டிமீட்டர் ஷெல், பித்தளைக் கூட்டில் அடைத்த மருந்தோடு ஒரே உடலாக இருப்பது. துணிப் பையில் வரும் கார்டைட்டைப் போல ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளாது. தங்களுக்குத் தெரியாததல்ல. 1741 குளச்சல் போரின் பீரங்கிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் தரும் பத்திரிகைக்கு, இந்த ஒரு சொல்லைப் பிரித்து அச்சிட மட்டும் இடமில்லாமல் போனது.

சென்ற வாரம் எங்கள் ஊரிலுள்ள ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். சரக்கு லிஃப்டின் கதவு மூடாதபடி வேட்டிக் கட்டு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். எடுத்துவிடுங்கள் என்றேன். "தாத்தா, அடிக்கடி திறந்து அடைக்க நேரமில்லை" என்று சிரித்தார்கள். ஜட்லாண்டில் கதவைத் திறந்து வைத்தவர்களின் வாதமும் இதுவே. அந்த வகையில் கட்டுரையாளரின் ஒப்புமை பொருத்தமானதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு இணைப்பில், ஒரு மூலையிலாவது இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 2016 கடிதத்தோடு நான் இணைத்திருந்த ஹாய்ஸ்ட் கதவின் கைவரைபடம் அலுவலகத்தில் கிடந்தால், தபாலில் திருப்பி அனுப்பினால் போதும். அஞ்சல்தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை வீரர் ஒருவர்,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.