எச்சரிக்கை வராத நாளில் எதை நம்புவது? உங்கள் தரவுத்தள ஸ்கிரிப்டுகள் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவி ஒப்படைக்கும்போது அதோடு ஒரு ஸ்கிரிப்ட் கோப்புறையும் தருகிறோம். நிறுவுவதற்குச் சில, பேக்கப் எடுக்க ஒன்று, அதை மீட்டுப் பார்க்க ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று. எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறீர்கள். அதைச் சொல்கிறோம். ஆனால் எச்சரிக்கை வராதபோது அதை நம்பலாமா என்பதுதான் எங்களை அதிகம் உறுத்தும் கேள்வி. கோப்புறையில் உள்ள வரிகளில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டவை. கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கோப்பைத் திறந்தால் எது எதுவென்று எளிதாக அடையாளம் தெரியும்.

முதலில் நிறுவல். தரவுத்தளத்துக்குக் கட்டளை அனுப்பும் பிஎஸ்க்யூஎல் கருவியிடம் ஒரு எஸ்க்யூஎல் கட்டளைக் கோப்பைக் கொடுத்தால், நடுவில் ஒரு கட்டளை பிழையானாலும் அது நிற்காது. பிழையைத் திரையில் காட்டிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போகும். கோப்பு முடிந்ததும் வெளியேறு எண்ணாக, அதாவது வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்ணாக, 0 தரும். 0 என்றால் பிழையில்லை என்று பொருள். அந்த 0-ஐ மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும், பாதி டேபிள்கள் உருவாகாமலே இருந்தாலும். ஆகவே எங்கள் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றிலும் ஆன்_எரர்_ஸ்டாப் மாறி 1 ஆக வைக்கப்பட்டிருக்கும். அதன்பின் எஸ்க்யூஎல் பிழை என்றால் வெளியேறு எண் 3, இணைப்பு அறுந்தால் 2. கூடவே பெரிய எக்ஸ் கொடியும் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) இருக்கும். ஓட்டுபவரின் சொந்த அமைப்புக் கோப்பைப் படிக்காதே என்பது அதன் பொருள். ஒருவர் தன் வசதிக்காக அங்கே வைத்த அலங்கார வடிவம் ஸ்கிரிப்டின் வெளியீட்டைக் குலைக்கக் கூடாது.

நிறுவல் ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் கெடுதல் நேரக் கூடாது. 'ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு' என்று டேபிளுக்குச் சொல்லலாம். ரோலுக்கும் (தரவுத்தளத்தில் இணையும் பயனர் கணக்கு) தரவுத்தளத்துக்கும் போஸ்ட்கிரெஸில் அந்த வசதி இல்லை. அதனால் ரோல் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் உருவாக்குகிறோம். தரவுத்தளத்தை உருவாக்கும் கட்டளையை, பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக நிறைவேற்றும் அல்லது கைவிடும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கவும் முடியாது. அது தனிக் கோப்பாக இருப்பதற்குக் காரணம் அதுவே. டேபிளுக்கான அந்த வசதியிலும் ஒரு கண்ணி உண்டு: அது பெயரை மட்டுமே பார்க்கிறது. அதே பெயரில் வேறு அமைப்பில் ஒரு டேபிள் இருந்தால், ஒரு அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு மாற்றமும் எண்ணிட்ட தனிக் கோப்பு. எந்த எண் வரை ஓடியது என்பது தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு டேபிளில் பதிவாகும்.

டேபிள் அமைப்பை மாற்றும் கோப்புகளின் தலையில் லாக்_டைம்அவுட் 3 விநாடி என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்துவிட வேண்டாம். ஆல்டர் டேபிள் கட்டளைகளில் பெரும்பாலானவை டேபிளை முழுமையாகப் பூட்டக் கேட்கும். அப்போது ஒரு நீண்ட அறிக்கை அதே டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் ஆல்டர் வரிசையில் காத்திருக்கும். அதற்குப் பின் வரும் சாதாரண செலக்ட்கூட ஆல்டருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு அறிக்கையும் ஒரு சின்ன மாற்றமும் சேர்ந்து செயலி முழுவதையும் நிறுத்திவிடும். 3 விநாடியில் பூட்டு கிடைக்காவிட்டால் பின்வாங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வது எவ்வளவோ மேல்.

ரோல்கள் நான்கு: டேபிள்களின் உரிமையாளர், செயலி, படிக்க மட்டும் ஒன்று, கண்காணிப்புக்கு ஒன்று. செயலி உரிமையாளராக இணையக் கூடாது. கண்காணிப்பு ரோலுக்கு பிஜி_மானிட்டர் என்ற உள்ளமைந்த ரோலின் உறுப்பினர் உரிமை போதும். அது 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் தேவையே இல்லை. 15-க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்களுக்கு, பப்ளிக் ஸ்கீமாவில் (எல்லோருக்கும் பொதுவான டேபிள் தொகுப்பில்) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கும் உரிமையை நாங்கள் ஸ்கிரிப்டிலேயே பறித்துவிடுகிறோம். கடவுச்சொல் எதுவும் கட்டளை வரியில் வராது. பிஜிபாஸ் கோப்பில் இருக்கும், அனுமதி 0600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும். அதைத் தளர்த்தினால் கருவி அந்தக் கோப்பையே புறக்கணிக்கும்.

அமைப்பு எண்களை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமான ஷேர்டு_பஃபர்ஸ் இயல்பில் 128 எம்பி. தரவுத்தளத்துக்கென்றே உள்ள சர்வரில் நினைவகத்தின் கால் பங்கிலிருந்து தொடங்குகிறோம். வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்குத் தரும் நினைவகமான வொர்க்_மெம் இயல்பில் 4 எம்பி. அதை உயர்த்தும் முன் எங்களைக் கேளுங்கள். அது ஓர் இணைப்புக்கான அளவல்ல. ஒரே வினவலில் வரிசைப்படுத்தல் மூன்று இருந்தால் மூன்றும் தனித்தனியே அவ்வளவு எடுக்கலாம்.

பேக்கப்புக்கு வருவோம். டம்ப் (தரவுத்தளத்தின் நகல்) எடுத்து அப்படியே ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்குக் குழாய் வழி அனுப்பும் ஒற்றை வரி எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் ஷெல்லில் ஒரு குழாயின், அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் கட்டளைத் தொடரின், வெளியேறு எண் என்பது கடைசிக் கட்டளையின் எண். டம்ப் இணைய முடியாமல் தோற்றாலும், ஜிஜிப் தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி 0 தரும். கிடைப்பது 20 பைட் கோப்பு, சரியான தேதி, சரியான பெயர். எங்கள் ஸ்கிரிப்டின் இரண்டாம் வரியில் உள்ள பைப்ஃபெயில், குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லி, இதைத் தடுக்கவே. அதோடு நிற்பதில்லை: கோப்பை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுகிறோம், முடிந்தபின் அளவை முந்தைய நாளோடு ஒப்பிட்டு, பாதிக்கும் கீழே போயிருந்தால் பெயர் மாற்றாமல் எச்சரிக்கிறோம். எழுதத் தொடங்குமுன் பேக்கப் டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்றும் பார்க்கிறோம். டிஸ்க் கழன்றிருந்தால் அதே பாதையில் உள்ள வெற்றுக் கோப்புறைக்குள், அதாவது சர்வரின் மூல டிஸ்கிலேயே, டம்ப் போய் நிரம்பும்.

பிஜி_டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும்; ரோல்களும் கடவுச்சொற்களும் அதில் வராது. அவற்றை பிஜி_டம்ப்ஆல் கருவியின் குளோபல்ஸ் விருப்பத்தால் தனியாக எடுக்கிறோம். பிரதி சர்வர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நினைக்க வேண்டாம். தவறுதலாக அழித்த வரிகள் அந்த நொடியே பிரதியிலும் அழிந்துவிடும்.

வாரம் ஒருமுறை, கடைசி பேக்கப்பை ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தில் மீட்டுப் பார்க்கிறது இன்னொரு ஸ்கிரிப்ட். மீட்டபின் முக்கியமான இரு டேபிள்களின் வரி எண்ணிக்கையையும், ஆகப் புதிய பதிவின் நேரத்தையும் படிக்கிறது. புதிய பதிவு முந்தைய வாரத்தோடு நின்றிருந்தால் பேக்கப் பழையது, அல்லது எடுத்த இடமே தவறு. உண்மையாகவே மீட்க நேரும் நாளில், முடிந்ததும், தரவின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். அது இல்லாமல் செயலியைத் திறந்தால், புள்ளிவிவரம் இல்லாத திட்டமிடலால் எல்லா வினவலும் இழுபடலாம். தரவே கெட்டுவிட்டதோ என்ற பீதி கிளம்பும்.

இனி கண்காணிப்பு. பிஜி_ஈஸ்ரெடி ஒன்றே போதும் என்று கருதுபவர்கள் உண்டு. சர்வர் இணைப்பை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். எழுத முடியுமா, டிஸ்கில் இடம் உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நாங்கள் கேட்கும் கேள்விகள் வேறு.

ஆகப் பழைய டிரான்சாக்‌ஷன் எத்தனை நிமிடமாகத் திறந்திருக்கிறது? எங்களுக்கு இதுதான் முதல் கேள்வி. இணைப்புகளின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று ஓர் இணைப்பு இருந்தால், அது தொடங்கிவிட்டு கமிட் செய்ய (முடித்து உறுதிசெய்ய) மறந்தது. படிக்க மட்டும் செய்திருந்தாலும் டேபிளின் மேல் மெல்லிய பூட்டு நிற்கும். மேலே சொன்ன ஆல்டர் அதில்தான் மாட்டும். எழுதியிருந்தால் இன்னும் மோசம்: அதற்குப் பிறகு செத்த வரிகளை, அதாவது அழித்த அல்லது மாற்றிய வரிகளின் பழைய பதிப்புகளை, துப்புரவு வேலையான வாக்கூம் அகற்ற முடியாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும். செயலி ரோலுக்கு இந்த நிலைக்கான காலவரம்பு 5 நிமிடம் என்று வைத்திருக்கிறோம். இயல்பில் அது 0, அதாவது வரம்பே இல்லை. பைதானில் சைகோபிஜி கொண்டு சொந்தமாகக் கண்காணிப்பு எழுதுபவர்கள் கவனிக்க: அந்த நூலகம் ஒரு சாதாரண செலக்டுக்கும் டிரான்சாக்‌ஷன் திறக்கும். ஆட்டோகமிட் போடாமல் இணைப்பைத் திறந்தே வைத்தால், நோயைத் தேடப் போன ஸ்கிரிப்டே நோயாகிவிடும்.

செத்த வரிகள் எவ்வளவு? ஆட்டோவாக்கூம் இயல்பில் 50 வரியும் டேபிளின் 20 சதவீதமும் சேர்ந்து செத்த பிறகே அசையும். 10 கோடி வரி டேபிளில் அது 2 கோடி. பெரிய டேபிள்களுக்கு இந்த விகிதத்தை 0.02 ஆகக் குறைத்திருக்கிறோம். ஆட்டோவாக்கூமை நிறுத்தினால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிரான்சாக்‌ஷன் எண்கள் 32 பிட். ஏறத்தாழ 200 கோடி வயது (எழுதியபின் கடந்த எண்களின் எண்ணிக்கை) வரையே பழைய வரிகளைப் புதியவற்றிலிருந்து பிரித்தறிய முடியும். இயல்பான சர்வரில், ஆட்டோவாக்கூம் குறைத்துக்கொண்டே இருப்பதால், இந்த வயது 20 கோடியை ஒட்டி ஏறி இறங்கும். 40 கோடியில் எச்சரிக்கிறோம். எல்லையை நெருங்கினால் சர்வர் புதிய எழுத்தையே மறுக்கும்.

வால் கோப்புகள், அதாவது டேபிளில் எழுதுமுன் மாற்றங்களைக் குறித்துக்கொள்ளும் பதிவுகள், குவிகின்றனவா? குவிந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: காப்பகத்துக்கு அனுப்பும் கட்டளை தோற்கிறது, அல்லது நின்றுபோன பிரதி சர்வரின் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அது எதுவரை படித்தது என்ற குறிப்பு) 'எனக்கு இன்னும் வேண்டும்' என்று பிடித்து வைத்திருக்கிறது. 13-ஆம் பதிப்பிலிருந்து ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கலாம், இயல்பில் வரம்பில்லை. எச்சரிக்கை வந்ததும் அந்தக் கோப்புறையைத் திறந்து பழைய கோப்புகளைக் கையால் அழித்து இடம் பிடிக்காதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறோம். சர்வர் விழுந்து எழ அந்தக் கோப்புகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் எழாமலே போகலாம். தேவையற்ற ஸ்லாட்டை நீக்குங்கள், அல்லது காப்பகக் கட்டளையைச் சரிசெய்யுங்கள். மாற்றங்களை டேபிள் கோப்புகளில் எழுதி முடிக்கும் அடுத்த செக்பாயின்டில் சர்வரே துடைத்துக்கொள்ளும்.

இத்தனை கேள்வி கேட்டும், கேட்கும் ஸ்கிரிப்ட் ஊமையாகலாம். பாஷில் ஒரு வினவலின் விடை வெறுமையாக வந்து, அதை 'பத்துக்கு மேலா' என்று ஒப்பிட்டால், ஒப்பீடு பிழையாகும். இஃப் கட்டளை அந்தப் பிழையை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை போகாது. பிழை வந்தால் நில் என்ற அமைப்பும் இஃப்-இன் நிபந்தனைக்குள் வேலை செய்யாது. எனவே விடை இலக்கங்களால் ஆனதுதானா என்று முதலில் சரிபார்த்து, இல்லையென்றால் அதையே எச்சரிக்கையாக அனுப்புகிறோம். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தொடங்கும் கிரானில் ஓடும்போது வேறு தொல்லைகள்: கருவிகளைத் தேடும் கோப்புறைப் பட்டியலான பாத் என்ற மாறி அங்கே மிகச் சுருங்கியது, ஆகவே கருவிகளுக்கு முழுப் பாதை எழுதியிருக்கிறோம். கிரான் வரியில் சதவீதக் குறி புதிய வரியாகப் பொருள்படும். தேதி வடிவத்தை அங்கே எழுதினால் கட்டளை நடுவில் வெட்டுப்படும். முந்தைய ஓட்டம் முடியாதபோது அடுத்தது தொடங்காமல் இருக்க எஃப்லாக், தொங்கிவிடாமல் இருக்கக் கண்காணிப்பு ரோலுக்கு 5 விநாடி ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்.

அப்புறமும் கிரானே நின்றிருந்தால்? ஒவ்வொரு ஓட்டத்தின் இறுதியிலும் ஸ்கிரிப்ட் இன்னொரு இயந்திரத்தில் நேரத்தைக் குறிக்கிறது. மூன்று ஓட்டங்கள், அதாவது 15 நிமிடம், குறிப்பு வராவிட்டால் எச்சரிப்பது அந்த இயந்திரத்தின் வேலை. தரவுத்தளம் இருக்கும் சர்வரிலேயே இந்தக் குறிப்பை வைக்காதீர்கள். சர்வர் விழுந்தால் சாட்சியும் சேர்ந்து விழும்.

எச்சரிக்கை வந்து, ஒரு குறிப்பிட்ட இணைப்பை நிறுத்த வேண்டியிருந்தால் முதலில் பிஜி_கேன்சல்_பேக்எண்ட். ஓடும் வினவலை அது நடுவில் நிறுத்தும். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' நிலையில் நிறுத்த வினவலே இல்லை. அங்கே இணைப்பையே துண்டிக்கும் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான் வேண்டும். ஷெல்லிலிருந்து கில் 9 மட்டும் வேண்டாம். ஓர் இணைப்பின் புராசஸ் அப்படிச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி சர்வர் எல்லா இணைப்பையும் உதறிவிட்டு மீட்புக்குப் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லினக்ஸ் பதிப்பை உயர்த்தும் முன், அல்லது தரவுக் கோப்புறையை அப்படியே வேறு சர்வருக்குத் தூக்கும் முன், எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியைப் பல நிறுவல்கள் இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடமே கேட்கின்றன. 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பில் அந்த விதி மாறியது. பழைய விதியில் அடுக்கிய இண்டெக்ஸை, அதாவது தேடலை விரைவாக்கும் பட்டியலை, புதிய விதியில் தேடினால், டேபிளில் இருக்கும் வரி தேடலில் கிடைக்காது. தனித்துவம் காக்க வேண்டிய இடத்தில் இரட்டை வரி நுழையும். மேலே சொன்ன எந்தக் கண்காணிப்பும் இதைப் பிடிக்காது. உயர்த்திய உடனே, செயலியைத் திறக்கும் முன், எழுத்து நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்தாக வேண்டும். அதற்கான பட்டியலை எடுக்கும் வினவல் உங்கள் கோப்புறையின் கடைசிக் கோப்பில் இருக்கிறது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை உங்கள் மீட்புச் சோதனைத் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்த்து முன்கூட்டியே சொல்கிறோம்.

அன்புடன்,
தரவுத்தளப் பராமரிப்புக் குழு