மீனுக்கு முன் ஒரு மண்டலம்

ரங்கூன்,
தை 9

அன்புள்ள நண்பா,

சென்னைக்கு வந்து திரும்பிய என் மருமகன் கையில் நீ கொடுத்தனுப்பிய கடிதமும், தங்கச்சி போட்ட எலுமிச்சை ஊறுகாயும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஊறுகாயைத் திறப்பதற்கு முன் கடிதத்தைத்தான் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் பேத்தியைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். மீன்கள் இரண்டு முறை செத்துப்போனது வருத்தம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த யாரோ, "இந்தப் பிள்ளைக்குக் கை ராசி இல்லை" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து அவள் தொட்டிப் பக்கமே போவதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை இரவு தூங்கவிடவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை மனத்தில் இப்படி ஒரு முள் தைத்துவிட்டால் எளிதில் வெளியே வராது. அதனால் மற்றச் சேதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவளுக்கும் படித்துக் காட்டு.

நீ எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லிட்டர் பிடிக்கும். கொளத்தூரில் தொட்டி, கல், பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் காலையில் வாங்கினீர்கள். "இன்றைக்கே விடலாம்" என்று கடையில் சொன்னார்கள். மாலையில் ஆறு தங்கமீன் விட்டீர்கள். நான்காம் நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. உடனே கல்லைக் கொதிநீரில் அலசி, ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கி வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஆறு மீன். மறுபடியும் அதே கதி. தண்ணீர் மட்டும் கடைசிவரை பளிங்கு மாதிரி இருந்தது என்கிறாய்.

அந்தப் பளிங்குத் தண்ணீரில்தான் விஷம் இருந்தது. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே தள்ளுகிறது. அதன் கழிவு அழுகினாலும், தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் வருவது அதே அம்மோனியாதான். அதற்கு நிறம் கிடையாது. செவுளைப் புண்ணாக்கும் அளவுக்குச் சேர்ந்த பிறகும் நம் மூக்குக்குத் தெரியாது. போதாததற்கு, உங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பே வேகாது என்று தங்கச்சி சொல்லுவாள் அல்லவா? அந்த மாதிரிக் கடின நீரில் பெரும்பாலும் பி.எச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், உயர்ந்துதான் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது, பி.எச். 8 ஆனால் ஐந்து பங்குக்கு மேல் போய்விடும். தங்கமீனோ நிறையத் தின்று நிறையக் கழிக்கிற மீன். ஆறு மீன், 56 லிட்டர், புதுத் தொட்டி. இதில் பிள்ளையின் கை எங்கே வருகிறது, சொல்.

நினைவிருக்கிறதா, ராயல் லேக் கரையில் நாம் இருவரும் துண்டை விரித்துக் குஞ்சு மீன் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்தது? நீ கப்பலேறிய 1965க்கு முந்தைய மழைக்காலம். அவையும் மூன்று நாள்தான் இருந்தன. ஏரித் தண்ணீரையேதானே எடுத்துவந்தோம், பின் ஏன் செத்தன என்று நீ திண்ணையில் உட்கார்ந்து அழுதாய். அம்மா, "வெயில் பட்டிருக்கும்" என்றார். எனக்கு விடை தெரிவதற்கு ஐம்பது வருடம் ஆயிற்று. ஏரியின் சேற்றிலும் கல்லிலும் பாசியிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜன் இருந்தும் மூச்சு முட்ட வைக்கும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடி உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். நாம் அன்று தண்ணீரை மட்டும் எடுத்துவந்தோம். இந்தக் கூட்டத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகை என்று 1998இல்தான் தெரியவந்தது. இரண்டு வேலையையும் ஒன்றே செய்து முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015இல் கண்டார்கள். இந்த வயதில் இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பாஞ்சுக்குள் எத்தனை உழைப்பு!

இந்த பாக்டீரியா பால் புளிக்கிற வேகத்தில் பெருகாது. ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அதனால் வெறும் தொட்டி தயாராக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவசரப்பட வழி உண்டா என்றால், உண்டு, உறை ஊற்றலாம். பல மாதமாக நோயில்லாத மீன் வாழும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால், ஈரம் காயாமல் கொண்டுவந்து உன் ஃபில்டரோடு சேர்த்துக் கட்டிவிடு. பாதிக் காலம் மிச்சமாகும். கொளத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு தொட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் தராமல் போகமாட்டார்கள்.

மீன் இல்லாமல் பாக்டீரியாவுக்குத் தீனி எப்படி? இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துணியில் தொட்டுத் தேய்ப்பாரே, அந்த நவச்சாரம்தான். அம்மோனியம் குளோரைடு என்று ரசாயனக் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்கு. ஈயம் பூசுகிறவரிடம் இருப்பது வேண்டாம், அதில் வேறு கலப்பு இருக்கலாம். 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாட்டில் மேல் பெயர் எழுதி, உயரத்தில் வை. அதில் 35 மில்லி எடுத்துத் தொட்டியில் ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் போகாதே. சிலர் மீன் தீனியைத் தூவி அழுகவிடுவார்கள். அதுவும் நடக்கும், ஆனால் நாற்றமும் பூஞ்சையும் வந்து வீட்டில் சண்டை வரும்.

பிறகு பார்க்கவேண்டியது நிறத்தை. சொட்டு மருந்து மாதிரி வருகிற சோதனைக் கருவி ஒன்று வாங்கிக்கொள். காகிதப் பட்டை வேண்டாம், அதை நம்ப முடியாது. என்னிடம் இருப்பதில் அம்மோனியா இல்லாத தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக நிற்கும், ஏற ஏறப் பச்சையாகும். நைட்ரைட் சோதனைக் குழாய் முதலில் வெளிர் நீலம்; இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை அதில் சொட்டு விட்டதும், குழாயின் அடியிலிருந்து கத்தரிப்பூ நிறம் புகை போல எழும்பி முழுக்கப் பரவியது. சன்னலோரம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியாது. முதல் கூட்டம் குடியேறிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அம்மோனியா மஞ்சளுக்குத் திரும்பினால் மட்டும் அடுத்த 35 மில்லி. கத்தரிப்பூ நிறம் பல நாள் அசையாது; அங்கேதான் எல்லோரும் பொறுமை இழக்கிறார்கள். கடைசியில் ஒருநாள் திடீரென்று நீலமாகிவிடும். இன்று ஊற்றிய 35 மில்லி நாளைக்கு இதே நேரத்துக்குள் இரண்டு குழாயிலும் காணாமல் போனால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு நாலைந்து மீன் விடு. தங்கமீன் வேண்டாம், அதற்கு இந்த இடம் போதாது. உன் தண்ணீருக்குக் கப்பி நன்றாக வாழும்.

முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்தது போல வெளுக்கலாம். பயந்து கொட்டிவிடாதே, தானே தெளியும். ஸ்பாஞ்சை இனி எப்போதும் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளியில் எடுத்துப் பிழி. சோப்பு, வெந்நீர், வெயில் மூன்றும் அதற்கு எமன். மெட்ரோ தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் குளோரினை முறிக்கிற மருந்து விட்டுத்தான் ஊற்று.

இதையெல்லாம் நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. பல வருடத்துக்கு முன் ஷான் மாநிலத்து இன்லே ஏரியிலிருந்து வந்த சாவ்பா மீன் எட்டு வாங்கினேன். ஷான் தலைவர்களின் பட்டப் பெயரை வைத்த மீன். உடம்பில் செதிலே கிடையாது, ஆண் மீனுக்கு மூக்கு நுனி குங்குமம் வைத்தது போலச் சிவந்திருக்கும். புதுத் தொட்டியில் விட்டேன். ஒரு வாரத்தில் எட்டையும் என் கையால் எடுத்துப் போட்டேன். உலகத்தில் அந்த ஒரு ஏரியைச் சுற்றித்தான் இருக்கிற மீன் அது. அந்தக் குற்றம் இன்றும் மனத்தில் இருக்கிறது. ஆகவே இம்முறை 38 நாள் வெறும் தண்ணீரை வைத்துக் காத்திருந்தேன். "வெறும் தண்ணீருக்கு யாராவது விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பார்களா, மாமா?" என்று மருமகள் கேட்டாள். ஒரு மண்டலம் விரதம் என்று நினைத்துக்கொள் அம்மா என்றேன்.

இங்கே எனக்குப் பெரிய பயம் மின்சாரம்தான். வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஃபில்டர் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். அதனால் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அந்தக் குமிழிச் சத்தம் நின்றால் நடு இரவிலும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் மூன்றாம் மாடியே ஊஞ்சல் போல ஆடியது. இங்கே எங்களுக்குச் சேதமில்லை. ஆனால் இன்லே ஏரி மேல் கால் ஊன்றிக் கட்டிய வீடுகள் எத்தனையோ சரிந்தன. மீன் கொண்டுவந்து தருகிற இளைஞனின் உறவினர் வீடும் அதில் போயிற்று. எங்களால் ஆனதைச் செய்தோம்.

அந்த இளைஞன்தான் 38ஆம் நாள் ஷான் மாநிலத்து டாங்ஜி ஊரிலிருந்து பத்து மீன் கொண்டுவந்தான். 2006இல் ஹோப்போங் பக்கத்துக் குட்டைகளில் கண்டுபிடித்து, மறு வருடம் அறிவியல் பெயர் வைத்த மீன். கடைகளில் கேலக்ஸி ரஸ்போரா என்பார்கள். நம் தெருவில் மாடியிலிருந்து கயிறு தொங்கவிட்டுப் பத்திரிகையும் காய்கறியும் ஏற்றுவோமே, அந்தக் கயிறு இன்றும் இருக்கிறது. அதன் நுனியில் பையைக் கட்டிவிட்டு அவன் கீழே நின்று பார்த்தான். நான் கை மாற்றி மாற்றி, பை சுவரில் இடிக்காமல் இழுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர்தான். கருநீல உடம்பில் முத்துப் பொட்டு, துடுப்பில் ஆரஞ்சுக் கோடு. நான்கு மாதமாகிறது, பத்தும் இருக்கின்றன. இப்போது மருமகள்தான் காலையில் முதலில் எண்ணுகிறாள்.

உன் முழங்கால் வலிக்கு அந்த எண்ணெய் கேட்குமா என்று எழுது. சின்னவளின் கல்யாணப் பேச்சு இன்னும் முடிவாகவில்லை, தை பிறந்தும் வழி தெரியவில்லை. அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்.

பேத்தியிடம் ஒரு புது நோட்டும் அந்தச் சோதனைக் குழாயும் கொடு. 35 மில்லியை நீ ஊற்று. சொட்டு விட்டு நிறம் பார்ப்பது அவள் கையால் நடக்கட்டும். முதல் ஏழு நாள் கணக்கு அவள் கையெழுத்தில் எனக்கு வரவேண்டும். நிறத்தின் பெயர் தெரியாத இடத்தில் கலர் பென்சிலால் தீட்டி அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தெருக்காரன்