கையெழுத்து வாங்குமுன் உள்ளதைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருக்கலைப்பில் என்னென்ன ஆபத்து உண்டு என்று பெண்களிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் பயந்துவிடுவார்களா என்று உங்கள் பத்திரிகையில் நடக்கும் வாதத்தைப் படித்து வருகிறேன். சொல்லத்தான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

என் தங்கைக்கு மாத்திரை கொடுத்த இடத்தில், பொடி எழுத்தில் இரண்டு பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். ரத்தம் போகும் என்றார்கள். எவ்வளவு போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, இது வழக்கமானதுதானா இல்லை வண்டி பிடித்து ஓட வேண்டுமா என்று தெரியாமல் குளியலறை வாசலில் நின்று நாப்கின் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் அந்த ராத்திரியே வேறு மாதிரி போயிருக்கும். சிலருக்குக் கரு முழுசாக வெளியேறாமல் மறுபடி சுத்தம் செய்ய வேண்டி வரும் என்பதும், ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம் என்பதும், கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது என்பதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெரிய சிக்கல் அபூர்வம்தான், சரி, அதற்காக வாயே திறக்காமல் இருப்பதா?

சட்டம் போட்டாவது சொல்ல வைக்க வேண்டும் என்பவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று இன்னும் பேசுகிறார்கள். 16 நாடுகளில் நடந்த 53 ஆய்வுகளை, 83,000 நோயாளிகளின் விவரங்களோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, அப்படிக் கூடுதல் ஆபத்து இல்லை என்று 2004லேயே லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாண அரசின் கையேட்டில் அந்தப் புற்றுநோய்ப் பேச்சு இருந்தது. பொய்யான பயத்தைக் கேட்டு நடுங்குகிறவளுக்கு, நிஜமாகவே கவனிக்க வேண்டிய காய்ச்சலும் ரத்தப்போக்கும் காதில் ஏறுமா?

தங்கை பல நாள் அழுதாள். அது நோய் இல்லை, ஆனாலும் அழுகை வரலாம் அம்மா என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளைப் பெரிய எழுத்தில் அடியுங்கள், ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பரை அதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி