மகளுக்கு: சக்கரம் வாங்குமுன்

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

மண் வனைய மின்சாரச் சக்கரம் ஒன்று வாங்க எண்ணியிருப்பதாகவும், சில நூறு டொலருக்குப் புதிதாகக் கிடைப்பதை எடுப்பதா, ரொறன்ரோவில் யாரோ பாவித்துவிட்டு விற்கும் கனமான பழைய சக்கரத்தை எடுப்பதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். வனைவதை நீ வகுப்பில் கற்றுக்கொள்வாய்; அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மோட்டார் எதனால் எரிகிறது என்பது கமக்காரரின் தண்ணீர்ப் பம்புகளுக்குக் கம்பி சுற்றியே வயது போன எனக்குத் தெரியும்.

கையால் சுழற்றும் பழைய சக்கரத்தில் அதன் பாரமே ஓட்டத்தைச் சேமித்து வைத்தது. தடியால் வேகமாகச் சுழற்றிவிட்டால், வேகம் தணியும்வரை குயவர் தம் வேலையைச் செய்தார். மின்சாரச் சக்கரத்தில் மண்ணை வைக்கும் தட்டு பாரம் குறைந்தது. ஆகவே நீ மண்ணை நடுவுக்குக் கொண்டுவர அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் தடுப்பாக மாறி மோட்டாரின் மேலேயே விழுகிறது. வலுக் குறைந்த மோட்டார் மெதுவாகும். மெதுவாகும்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். கூடிய மின்னோட்டம் சுருளைச் சூடாக்கும். சேறு அடைத்த பம்ப் எரிவதும் இதே வழியில்தான்.

350 வாட் என்று விளம்பரத்தில் இருப்பதை மட்டும் நம்பாதே. ஒரு குதிரைவலு 746 வாட் என்பதால், அது ஏறக்குறைய அரைக் குதிரைவலு என்று கணக்குப் போடத் தோன்றும். மலிவான இயந்திரங்களில் அந்த எண் பெரும்பாலும் உள்ளே எடுக்கும் மின்சாரத்தைக் குறிக்குமேயொழிய, தட்டில் கிடைக்கும் வலுவை அல்ல. ஒன்றிரண்டு கிலோ மண்ணுடன் தொடங்கும் உனக்கு, ஒழுங்காகச் செய்யப்பட்ட மூன்றிலொரு பங்கு குதிரைவலுவே போதும்.

உண்மையான சோதனை மெதுவான ஓட்டத்தில் இருக்கிறது. வேகமாகச் சுழலும்போது எல்லாச் சக்கரமும் நன்றாகவே தெரியும். பெடலை மெல்ல மிதித்துத் தட்டை ஆறுதலாகச் சுழலவிட்டு, இரு உள்ளங்கைகளாலும் அதன்மேல் ஊன்றி அழுத்திப் பார். திணறி நின்றால் அதை வாங்காதே. வேகம் சிறிது தணிந்து உடனே பழையபடி எழுந்தால், அதன் கட்டுப்பாட்டுப் பலகை பாரத்தை உணர்ந்து ஈடுசெய்கிறது என்று கொள்ளலாம். பிறகு தட்டின் ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. ஒரு பென்சிலை விளிம்புக்கு அருகில் அசையாமல் பிடித்துச் சுழற்றினால், இடைவெளி மாறுவதைக் கொண்டு தட்டின் கோணலும் தெரிந்துவிடும்.

மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும் வகை சத்தமில்லாதது. அடுக்குமாடியில் இருக்கும் உனக்கு அது வசதியானது. எனக்கோ பெல்ற் பூட்டியதே பிடிக்கும். பெல்ற் தேய்ந்தால் சிறிய செலவில் மாற்றலாம். நேரடி வகையில் மின்னணுப் பலகை பழுதானால் செலவு பெரிது. இது திருத்துகிறவனுடைய பக்கச்சார்பாகவும் இருக்கலாம், அயல்வீட்டாரின் நித்திரையை நீயே யோசித்துக்கொள்.

ஷிம்போ, பிரென்ட், ஸ்கட் ஆகிய பெயர்களில் வரும் சக்கரங்களுக்கு உதிரிப்பாகங்கள் தனியே விற்கிறார்கள். பெயர் தெரியாத மலிவான சக்கரத்தில் பெடல் பழுதானால் முழுவதையுமே எறிய வேண்டியிருக்கும். ஆகவே அதே காசுக்கோ, இன்னும் சிறிது கூட்டியோ, இப்படியான ஒன்றைப் பழையதாக வாங்குவதே என் விருப்பம். பாரமாக இருக்கிறதே என்று தயங்காதே. பாரமான சட்டகம்தான் மண் நடுவில் இல்லாதபோதும் அதிராமல் நிற்கும். தெறிக்கும் சேற்றைப் பிடிக்கச் சுற்றிவரப் பூட்டியிருக்கும் தட்டத்தைக் கழற்றி, அடியில் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பார்.

பின்னாளில் இங்கே கொண்டுவரலாம் என்ற எண்ணத்தில் வாங்காதே. அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. அதற்கென மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி ஒன்றைப் பூட்டுவது வீண் செலவு. சூளை வாங்குவதையும் இப்போதைக்குத் தள்ளிவை. வகுப்பிலேயே கட்டணத்துக்குச் சுட்டுத் தருவார்களா என்று கேட்டுக்கொள்.

விற்பவரிடம் போனால் மோட்டாரின் பெயர்ப்பலகையையும் சக்கரத்தின் அடிப்பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு. காசு கொடுக்குமுன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா