அங்கத்தவர் அட்டை அச்சு இயந்திரத்தை வலையமைப்பில் இணைத்த பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

எமது சனசமூக நிலைய நூலகத்தின் அட்டை அச்சு இயந்திரம் இப்போது எந்தக் கணினியையும் நம்பி நிற்கவில்லை. வடம் மூலம் நேரே வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளது. மேசை, மின்னிணைப்பு, வர்ணப்பூச்சு யாவும் பேசியபடி முடிந்தன. செலவு மட்டும் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது. பொதுக்கூட்டத்தில் எழுந்த குரல்களைக் கேட்ட பிறகு அதற்கு விளக்கம் தராமல் இருக்க முடியாது.

யூ.எஸ்.பி. வயர் போதாதா என்றார்கள். முன்பு பொருளாளரின் கணினியோடு அப்படித்தான் இணைத்திருந்தோம். அவர் கணினியை நிறுத்தி, அறையைப் பூட்டிவிட்டுக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனால், நூலக மேசைக்கு வந்த பிள்ளைகள் அட்டை இல்லாமல் திரும்பினார்கள். அப்போது குறைசொன்னவர்களும் இதே அங்கத்தவர்கள்தாம்.

வைபை இருக்க வடம் எதற்கு என்றார்கள். வைபையைத்தான் முதலில் பரீட்சித்தோம். பழைய கட்டடத்தின் தடித்த கற்சுவர்களைத் தாண்டி அலை ஒழுங்காக வரவில்லை. அனுப்பிய அட்டை வரிசையில் தேங்கும். பொறுமை இழந்தவர் மறுபடி அழுத்துவார். தொடர்பு மீண்டதும் ஒரே முகத்தோடு இரண்டு அட்டைகள் விழும். ஒவ்வொரு வர்ண அட்டைக்கும் மஞ்சள், மஜெந்தா, சியான், கறுப்பு, மேற்பூச்சு என ரிபனில் (மை பூசிய அச்சுப் பட்டியில்) ஒரு முழுத் தொகுதி போய்விடும். அந்த வீண்செலவைக் கணக்கில் எழுதக் கை கூசியது.

இனிக் கொந்தராத்துக்காரர் விடயம். அவர் வலையமைப்பு வடத்தை 230 வோல்ற்று மின்வயர் போகும் அதே குழாய்க்குள் இழுத்துவிட்டார். நடுவில் நீளம் போதாமல் முறுக்கி ஒட்டுப்போட்டு, மேலே நாடா சுற்றியிருந்தார். மிஞ்சிய துண்டைக் கத்தியால் சுரண்டியபோது செப்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. விலைமனுவில் முழுச் செப்பு என்றுதான் எழுதியிருந்தார். கேட்டபோது, "இணைப்பு விளக்கு எரிகிறதுதானே, வடத்தின் எட்டுக் கம்பியில் நான்கு போதும்" என்றார். வினாடிக்கு 100 மெகாபிற்று வேகத்துக்கு நான்கு கம்பி போதும் என்பது உண்மை. அதற்காக மின்சாரத்தோடு ஒரே குழாயில் கிடக்கும் ஒட்டுவடத்தைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ஏற்க முடியுமா? கழற்றச் சொன்னோம், மறுத்தார். தமக்குத் தெரிந்த பெரியவர்களை எல்லாம் பேச அனுப்பினார். இறுதியில் வேறொருவரைக் கொண்டு தனிக் குழாயில், ஒட்டில்லாத செப்பு வடம் இழுத்தோம். மேலதிகச் செலவு முழுவதும் இதுதான். நிருவாக சபை யாரோ ஒருவரின் மருமகனுக்கு வேலை கொடுத்தது என்ற கதையைப் பரப்பியவர்கள், அறிவித்தற் பலகையில் உள்ள பற்றுச்சீட்டுகளைப் பார்க்கலாம்.

மின்வெட்டுக்குப் பின் ரவுட்டர் (வலையமைப்பை இணைக்கும் கருவி) அச்சு இயந்திரத்துக்குப் புதிய ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் இலக்கம்) கொடுப்பதும், கணினிகள் பழைய முகவரியில் தேடுவதும் ஒரு தொல்லையாக இருந்தது. இப்போது முகவரி நிரந்தரமாக ஒதுக்கப்பட்டுள்ளது. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டோம்; அது தலைவரிடமும் செயலாளரிடமும் மட்டுமே உண்டு. பாவித்த ரிபனில் அங்கத்தவரின் பெயரும் இலக்கமும் எழுத்துவடிவாகவே எஞ்சியிருக்கும் என்பதால் அதைக் குப்பையில் போடாமல் வெட்டி அழிக்கிறோம்.

உதவியோர்: இயந்திரம், கனடாவில் உள்ள ஊரவர். வடமும் குழாயும், சுவிஸில் வாழும் பழைய வாசகர்கள். யூ.பி.எஸ். (மின்வெட்டில் மின்சாரம் தரும் மின்கலக் கருவி), இலண்டனில் இருந்து பெயர் சொல்ல விரும்பாத ஒருவர். முதல் ரிபன், சந்தையடிக் கடைக்காரர்கள். வெற்று அட்டைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வேலையாட்களுக்குத் தேநீரும் வடையும், மாதர் சங்கத்தினர். அனைவருக்கும் நன்றி. கொடையாளர் பெயர்களை அட்டையின் பின்புறம் அச்சிடக் கேட்டிருந்தீர்கள். அட்டை 85.6 மில்லிமீற்றர் நீளமும் 54 மில்லிமீற்றர் அகலமும்தான். ஒருவரை ஏற்றி ஒருவரை விட்டால் அடுத்த பொதுக்கூட்டமும் இதிலேயே போய்விடும். ஆகவே பெயர்கள் சுவர்ப் பலகையில் இடம்பெறும்.

முதல் கொந்தராத்துக்காரருக்குக் குழாய் பதித்த கூலி மட்டும் பாக்கி. சுவரில் துளைத்த ஓட்டைகளைப் பூசி முடித்த அன்றே பொருளாளரிடம் அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

செயலாளர்,
நிருவாக சபைக்காக