தூணுக்கு விலை பேசும் பங்காளிகளுக்கு

நம் வீட்டுப் பங்காளிகளான அண்ணன் தம்பிமாருக்கு,

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. செட்டிநாட்டில் இருக்கும் நம் பூர்வீக வீட்டின் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், தூண் ஒன்றை ஆள்காட்டி விரல் நீளத்துக்குச் சுரண்டியிருந்தது. மேலே நூறு வருஷத்துக் கருப்பு, உள்ளே மரம் பொன்னாக மின்னியது. பர்மாத் தேக்குதானா என்று பார்க்க வியாபாரி கத்தி போட்டாராம். பதினாறு தூணுக்கும் சேர்த்து ஒரு விலை, நிலைக்கதவுக்குத் தனி விலை. கீழே ஒரு வரி: "எல்லாருக்கும் சம்மதம்தானே?"

என்னை யாரும் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண், கல்யாணமான ஆண்களை வைத்துக் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கில் வரமாட்டாள் என்று விட்டிருப்பீர்கள். ஊர் வழக்கம் அப்படி. ஆனால் 2005-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு. வக்கீல் நோட்டீஸ் விட எனக்கு ஆசையில்லை. அதனால்தான் இந்த மடல்.

வீட்டைப் பூட்டியே பார்த்த பிள்ளைகள் உங்களில் பாதிப் பேர். முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போனால் அடுத்த தெருவில் போய் நிற்கலாம். கல்யாணமான மகன்களுக்கு வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை. வேறு வைத்துவிட்டால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஏழு உலை கொதித்த வீடு அது. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும் என்று என் பாட்டி, ஆயா, சொல்வார்கள்.

முகப்புத் திண்ணை அப்போது தொழில் நடந்த இடம். வட்டிக்கடை பர்மாவில், பேரேடு இங்கே. 1930-களில் நெல் விலை சரிந்து, பர்மிய விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். கொஞ்ச வருஷத்துக்குள் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம்மவர்கள், செட்டியார்கள் கையில் இருந்தது. அதைப் பெருமையாகப் பேச எனக்கு வாய் வராது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது என் தாத்தா, ஐயா, பர்மாவிலிருந்து நடந்தே திரும்பினார்கள். பிறகு அந்த நிலமும் போயிற்று. திண்ணையில் பேரேட்டுக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டாங்கட்டை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள். வாடகை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வகுப்பு வரை நான் படித்தது அங்கேதான், பிறந்த வீட்டிலேயே! முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதில் கரும்பலகைக்காக ஆளுயரத்துக்குக் கறுப்புப் பூசிவிட்டார்கள். ஆயா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் சொந்தக் கட்டடத்துக்குப் போன பிறகு என் அப்பா, அப்பச்சி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். இன்றைக்கும் அடைமழையில் சுவர் ஈரமானால் அந்தக் கறுப்புக் கட்டம் மெல்ல மேலே தெரியும். வெயில் வந்தால் மறைந்துவிடும்.

அப்புறம் நெல் மூட்டை, சினிமா ஷூட்டிங், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது சாமான் பரப்ப. இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். கடைசியாகப் பூட்டு. என் கணக்கில் வீட்டைக் கெடுத்தது பள்ளிக்கூடமும் இல்லை, ஷூட்டிங்கும் இல்லை. ஆள் இருந்தால் ஓடு ஒன்று நகர்ந்த அன்றைக்கே தெரியும், ஏறி மாற்றிவிடலாம். பூட்டிய வீட்டில் ஒரு ஓட்டு இடைவெளியில் மூன்று மழை இறங்கினால் கூரையின் மரச்சட்டம் உளுத்துப்போகும், பிறகு கரையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டிய வீட்டை யார் கட்டிக் காப்பது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. மராமத்துக் கணக்கு வரும்போது நானும் முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் விற்றால் வீடாக விற்கலாம். தூணை உருவினால் மேங்கூரை நிற்காது, அப்புறம் மிஞ்சுவது வெறும் மனை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள், எத்தனை வீட்டு நிலைக்கதவுகள் சுவரில் சாத்தியிருக்கின்றன என்று. இன்னொரு பக்கம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் விருந்தினர் தங்கும் வீடாக இருக்கிறது. கானாடுகாத்தானில் விசாலம் ஹோட்டலாக நடக்கிறது. ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன. நம் வீடு அவ்வளவு பெரிதில்லைதான். குத்தகைக்கு எடுக்க ஆள் வருமா என்று ஒருதரமாவது கேட்டுப் பார்த்தோமா?

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். அந்தச் செலவில் என் பங்கை இப்போதே அனுப்புகிறேன். முன்னோருக்குப் படையல் போடும் சாமி வீட்டுப் படைப்புக்கு எல்லாரும் வருவோமே, அன்றைக்கு வீட்டுப் பெண்களான ஆச்சிமாரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்வோம். அதுவரை வியாபாரி கத்தியோடு உள்ளே வர வேண்டாம்.

ஆவணி முதல் வாரம் நான் ஊருக்கு வருகிறேன். வாட்ச்மேனைக் கேட்டால் ஒரு அண்ணமிண்டியை, அதாவது அண்ணன் மனைவியை, கைகாட்டுகிறார், அவர்களைக் கேட்டால் வாட்ச்மேனை. சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று உங்களில் யாராவது ஒருவர் எழுதுங்கள்.

அன்புடன்,
இந்த வீட்டில் பிறந்தவள்